கேமிங் மடிக்கணினியா, கன்சோலா? மாணவர் மேசையில் ஒரு தேர்வின் வரலாறு

முன்னுரை

பல்கலைக்கழகத்தில் சேரும் மாணவர்களும் அவர்தம் பெற்றோரும் இன்று சந்திக்கும் கேள்விகளுள் ஒன்று, கையிலுள்ள பணத்தில் எந்தக் கருவியை வாங்குவது என்பதாகும். பாடத்துக்கும் விளையாட்டுக்கும் சேர்த்து ஒரே கேமிங் மடிக்கணினியை வாங்கலாம். அல்லது விளையாட்டுக்கு ஒரு கன்சோல், பாடத்துக்கு விலை குறைந்த ஒரு மடிக்கணினி என இரண்டாகப் பிரித்துக்கொள்ளலாம்.

கன்சோல் என்பது தொலைக்காட்சியுடன் இணைத்து வீடியோ கேம் ஆடுவதற்கென்றே செய்யப்பட்ட கருவி. பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ், நின்டெண்டோ நிறுவனத்தின் கருவிகள் ஆகியன இதில் அடங்கும். கேமிங் மடிக்கணினி என்பது, படங்களை வேகமாக வரைந்து காட்டும் தனி வரைகலைச் செயலி பொருத்தப்பட்ட முழுமையான கணினி.

இக்கேள்வி புதியது போலத் தோன்றினாலும் 1977 முதலே வீடுகளில் கேட்கப்பட்டு வருகிறது. பல காலங்களில் இரு கருவிகளின் உள்ளே இருந்த மின்னணுப் பாகங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருந்தன. அவற்றைப் பிரித்தது வேறொரு கோடு: வாங்கியவர் அந்தக் கருவிக்குத் தாமே நிரல் எழுத முடியுமா, முடியாதா என்பதே அது. அந்தக் கோட்டின் வரலாற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

பல்கலைக்கழகத்தில் பிறந்த ஆட்டம்

தொடக்கத்தில் இப்பிரிவு இல்லை. 1962-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஸ்டீவ் ரசல் என்பவரும் அவருடைய நண்பர்களும் 'ஸ்பேஸ்வார்' என்னும் ஆட்டத்தை உருவாக்கினர். இரண்டு விண்கலங்கள் ஒன்றையொன்று சுட்டு வீழ்த்த முயல்வதே ஆட்டம். அது ஓடிய பி.டி.பி.-1 கணினியின் விலை ஏறத்தாழ 1,20,000 டாலர். ஆய்வுக்கென வந்த இயந்திரத்தில், இரவு நேரங்களில் மாணவர்கள் எழுதிய நிரல் அது. பின்னர் அக்கணினியைத் தயாரித்த நிறுவனமே, கருவி சரியாக இயங்குகிறதா என்று சோதிப்பதற்கு இந்த ஆட்டத்தைப் பயன்படுத்தியது.

1971-இல் இரண்டு குழுவினர் இதே ஆட்டத்தைப் பொதுமக்களிடம் கொண்டுசெல்ல முயன்றனர். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் பில் பிட்ஸ், ஹியூ டக் ஆகிய இருவரும் 'கேலக்சி கேம்' என்னும் காசு போட்டு ஆடும் இயந்திரத்தை மாணவர் மன்றக் கட்டடத்தில் நிறுவினர். அதற்குள் ஒரு முழுக் கணினியே இருந்தது. செலவு சுமார் 20,000 டாலர். ஓர் ஆட்டத்துக்குக் கட்டணம் 10 சென்ட். போட்ட பணத்தை எடுக்கவே இரண்டு லட்சம் முறை ஆடப்பட வேண்டும்.

நோலன் புஷ்னெல், டெட் டாப்னி ஆகியோர் அதே ஆண்டு வேறு வழியைத் தேர்ந்தனர். அவர்களது 'கம்ப்யூட்டர் ஸ்பேஸ்' இயந்திரத்தின் பெயரில் கணினி இருந்ததே தவிர, உள்ளே கணினி இல்லை. அந்த ஒரே ஆட்டத்துக்குத் தேவையான மின்சுற்றுகள் மட்டுமே இருந்தன. அதனால் அதை மலிவாகவும் பெருமளவிலும் தயாரிக்க முடிந்தது. ஆனால் வேறு எந்த வேலையையும் அதைக்கொண்டு செய்ய இயலாது. கணினியின் பொதுத்தன்மையை விட்டுக்கொடுத்து விலையைக் குறைக்கும் வழி இங்கே தொடங்கியது. 1972-இல் ரால்ஃப் பேயரின் கண்டுபிடிப்பாக வெளிவந்த முதல் வீட்டுக் கன்சோலான 'மேக்னவாக்ஸ் ஒடிசி'யிலும் செயலி என எதுவும் இல்லை.

1977: ஒரே குடும்பச் சில்லு, இரு கருவிகள்

1975-இல் வெளிவந்த 6502 என்னும் மலிவான செயலிச் சில்லு இரு வழிகளுக்கும் பொதுவானதாக அமைந்தது. 1977-இல் இரண்டு புகழ்பெற்ற கருவிகள் இதன் அடிப்படையில் விற்பனைக்கு வந்தன.

முதலாவது, அட்டாரி நிறுவனத்தின் வி.சி.எஸ். கன்சோல். விலை சுமார் 199 டாலர். 6502-இன் கால்களைக் குறைத்துச் செய்யப்பட்ட 6507 என்னும் சில்லு அதில் இருந்தது. நினைவகம் 128 பைட்டுகள் மட்டுமே. ஆட்டங்கள் கார்ட்ரிட்ஜ்களாகத் தனியே விற்கப்பட்டன.

இரண்டாவது, ஆப்பிள் 2 கணினி. 4 கிலோபைட் நினைவகத்துடன் அதன் விலை 1,298 டாலர். அட்டாரியைப் போல 32 மடங்கு நினைவகம். விலையோ ஆறு மடங்குக்கும் மேல். விசைப்பலகை இருந்தது. பேசிக் நிரல்மொழி உள்ளேயே பதிக்கப்பட்டிருந்தது.

இவ்விரண்டுக்கும் நெருங்கிய உறவும் உண்டு. ஆப்பிள் 2-ஐ வடிவமைத்த ஸ்டீவ் வாஸ்னியாக், அதற்கு முன் அட்டாரியின் 'பிரேக்அவுட்' ஆட்டத்துக்கு ஒரு மின்சுற்றை வடிவமைத்தவர். அதே ஆட்டத்தைப் பேசிக் மொழியில் எழுதி ஆட வேண்டும் என்ற விருப்பத்தாலேயே ஆப்பிள் 2-இல் வண்ணம், ஒலி, ஆட்டக் கைப்பிடி ஆகியவற்றுக்கான வசதிகளைச் சேர்த்ததாக அவர் கூறியுள்ளார். எழுத்துப் பணிக்கும் கணக்குக்கும் பின்னாளில் பெயர்பெற்ற ஒரு கணினியின் பல சிறப்புகள் விளையாட்டுக்காகவே அமைந்தவை.

விளம்பரப் போரும் 1983 வீழ்ச்சியும்

1980-களின் தொடக்கத்தில் கணினி நிறுவனங்கள் பெற்றோரின் கவலையைக் குறிவைத்தன. 300 டாலருக்கு வந்த கம்மோடோர் விக்-20 கணினியின் தொலைக்காட்சி விளம்பரத்தில் நடிகர் வில்லியம் ஷாட்னர் தோன்றினார். வெறும் வீடியோ கேம் ஒன்றை வாங்குவானேன், கணினியை வாங்கினால் ஆட்டமும் கிடைக்கும், பிள்ளையின் படிப்புக்கும் உதவும் என்பது அவ்விளம்பரத்தின் சாரம். பத்து லட்சத்துக்கு மேல் விற்ற முதல் கணினி என விக்-20 பெயர்பெற்றது.

கன்சோல் நிறுவனங்களும் இதற்குப் பதில் சொல்ல முயன்றன. மேட்டல் நிறுவனம் தனது இன்டெலிவிஷன் கன்சோலைக் கணினியாக மாற்றும் விசைப்பலகைப் பகுதியை வாங்குவோருக்கு வாக்களித்தது. அது ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போனதால் அமெரிக்க வணிக ஆணையம் தலையிட நேர்ந்தது. கோலிகோ நிறுவனம் 1983-இல் தன் கன்சோலின் அடிப்படையில் 'ஆடம்' என்னும் கணினியைக் கொண்டுவந்தது. அதன் மின்வழங்கி அச்சுப்பொறிக்குள் வைக்கப்பட்டிருந்ததால், அச்சுப்பொறி பழுதானால் கணினி முழுவதுமே நின்றுபோகும். கருவியை இயக்கும்போது எழும் மின்காந்த அலை, உள்ளே விடப்பட்ட நாடாவில் இருந்த தரவுகளை அழித்துவிடும் குறையும் இருந்தது. அந்த வணிகம் விரைவிலேயே தோல்வியுற்றது.

இதே காலத்தில் கம்மோடோர் நிறுவனத்தின் ஜாக் டிராமியல் கடும் விலைப்போரில் இறங்கினார். 1982-இல் 595 டாலருக்கு வந்த கம்மோடோர் 64, அடுத்த ஆண்டே 200 டாலர் அளவுக்கு இறங்கியது. டெக்சாஸ் இன்ஸ்ட்ரூமென்ட்ஸ் நிறுவனம் 1983 அக்டோபரில் வீட்டுக் கணினிச் சந்தையை விட்டே வெளியேறியது.

கன்சோல் சந்தையோ தரமற்ற ஆட்டங்களின் பெருக்கத்தாலும் மலிவான கணினிகளின் போட்டியாலும் சரிந்தது. 1983-இல் சுமார் 320 கோடி டாலராக இருந்த அமெரிக்க வீடியோ கேம் வணிகம் 1985-இல் சுமார் 10 கோடியாகச் சுருங்கியது என்பது பரவலாகக் காட்டப்படும் மதிப்பீடு. கன்சோலின் காலம் முடிந்துவிட்டது என அன்று பலர் கருதினர்.

பிரித்தானியா: ஆடியவர்கள் ஆக்கியவர்கள் ஆனமை

பிரித்தானியாவில் இத்தேர்வு கணினியின் பக்கம் சாய்ந்தது. 1981 இறுதியில் ஏக்கார்ன் நிறுவனம் பி.பி.சி. மைக்ரோ கணினியை வெளியிட்டது. இதிலும் 6502 சில்லே இருந்தது. வானொலி, தொலைக்காட்சி நிறுவனமான பி.பி.சி.யின் கணினிக் கல்வித் திட்டத்துக்கென உருவான இது பள்ளிகளில் பரவியது. 1982 ஏப்ரலில் வந்த சின்கிளேர் இசட்.எக்ஸ். ஸ்பெக்ட்ரம் 125 பவுண்டு விலையில் நடுத்தர வீடுகளுக்குள் நுழைந்தது.

படிப்புக்கென்று வாங்கப்பட்ட இக்கணினிகளில் பெரும்பாலும் ஆட்டங்களே ஓடின. ஆனால் கணினியை இயக்கியவுடன் திரையில் தோன்றியது நிரல் எழுதுவதற்கான இடம். ஆடிச் சலித்த சிறுவர்கள் இதழ்களில் அச்சான நிரல்களைத் தட்டச்சு செய்து, மாற்றி, தாமே எழுதக் கற்றனர்.

இதன் சிறந்த விளைவு 1984-இல் வெளிவந்த 'எலைட்'. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக மாணவர்களான டேவிட் பிரேபன், இயன் பெல் ஆகிய இருவர் பி.பி.சி. மைக்ரோவுக்கு எழுதிய விண்வெளி வணிக ஆட்டம் இது. கணினியின் 32 கிலோபைட் நினைவகத்துக்குள் எட்டு விண்மீன் திரள்களை அவர்கள் அடக்கினர். கோள்களின் விவரங்களைச் சேமித்து வைக்காமல், தேவைப்படும்போது கணக்கிட்டு உருவாக்கும் முறையே அதைச் சாத்தியமாக்கியது. கன்சோல் மட்டுமே வைத்திருந்த ஒரு மாணவருக்கு அம்முயற்சியைத் தொடங்கவே வழி இருந்திருக்காது.

இந்தியாவுக்கும் இக்கணினியோடு தொடர்புண்டு. 1984-இல் இந்திய அரசு பள்ளிகளில் தொடங்கிய 'கிளாஸ்' என்னும் கணினிக் கல்வித் திட்டத்தில் பி.பி.சி. மைக்ரோ கணினிகளே பயன்படுத்தப்பட்டன.

ஜப்பானும் பூட்டுச் சில்லும்

ஜப்பானில் கதை வேறு வகையாக அமைந்தது. 1983 ஜூலையில் நின்டெண்டோ நிறுவனம் 14,800 யென் விலையில் தன் கன்சோலை வெளியிட்டது. அதன் பெயர் 'ஃபேமிலி கம்ப்யூட்டர்', சுருக்கமாக ஃபேமிகாம். அதன் செயலியும் 6502 வடிவமைப்பைச் சார்ந்ததே. 1984-இல் விசைப்பலகையும் பேசிக் மொழியும் தனியே விற்கப்பட்டன.

1985-இல் அமெரிக்காவுக்குச் சென்றபோது அப்பெயரிலிருந்து 'கம்ப்யூட்டர்' நீங்கி, 'நின்டெண்டோ எண்டர்டெயின்மெண்ட் சிஸ்டம்' என்றானது. கூடவே ஒரு புதிய பாகம் சேர்ந்தது. கன்சோலுக்குள் ஒரு பூட்டுச் சில்லு. அதற்கு இணையான சில்லு ஒவ்வொரு கார்ட்ரிட்ஜிலும் இருக்கும். இரண்டும் ஒன்றையொன்று அடையாளம் காணாவிட்டால் கன்சோல் மீண்டும் மீண்டும் அணைந்து தொடங்கும், ஆட்டம் ஓடாது. நின்டெண்டோவிடம் உரிமம் பெற்றவர்கள் மட்டுமே ஆட்டம் வெளியிட முடியும் என்ற நிலை இதனால் உருவானது. உரிமம் பெற்ற நிறுவனம் ஒன்று ஆண்டுக்கு எத்தனை ஆட்டங்களை வெளியிடலாம் என்பதற்கும் வரம்பு விதிக்கப்பட்டது.

தரமற்ற ஆட்டங்களால் 1983-இல் சரிந்த சந்தையை இந்தக் கட்டுப்பாடு மீட்டது. வாங்குபவருக்கு ஓர் உறுதி கிடைத்தது: கடையில் வாங்கும் ஆட்டம் தன் கருவியில் நிச்சயம் ஓடும். நிறுவனத்துக்கு ஒரு வருவாய் வழி கிடைத்தது: விற்கும் ஒவ்வோர் ஆட்டத்திலும் பங்கு. இன்றைய கன்சோல் வணிகத்தின் அடித்தளம் இதுவே.

இவ்வணிக முறையில் கருவியைச் செலவுக்குக் குறைவாகவும் விற்க இயலும். 2006-இல் 599 டாலருக்கு விற்கப்பட்ட பிளேஸ்டேஷன் 3-இன் தயாரிப்புச் செலவு 800 டாலரைத் தாண்டும் என ஆய்வு நிறுவனம் ஒன்று அன்று மதிப்பிட்டது. அந்த இடைவெளியை ஈடுசெய்ய வேண்டியது ஆட்ட விற்பனை.

பல்கலைக்கழகங்கள் கணினியைக் கட்டாயமாக்கியமை

வீடுகளில் இப்போட்டி நடந்துகொண்டிருந்தபோது, அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் சில மாணவர்களுக்குச் சொந்தக் கணினியைக் கட்டாயமாக்கின. நியூ ஜெர்சியிலுள்ள ஸ்டீவன்ஸ் தொழில்நுட்பக் கழகம் 1982-இல் சில பாடப்பிரிவுகளின் புதிய மாணவர்களுக்கு இவ்விதியைக் கொண்டுவந்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட கருவி அட்டாரி 800. வீடியோ கேமால் புகழ்பெற்ற நிறுவனத்தின் கணினி, பல்கலைக்கழகப் பாடக் கருவியானது.

ஃபிலடெல்ஃபியாவின் டிரெக்சல் பல்கலைக்கழகம் 1983-84 கல்வியாண்டில் எல்லாப் புதிய மாணவர்களும் கணினி வைத்திருக்க வேண்டும் என விதித்தது. 1984 தொடக்கத்தில் கடையில் 2,495 டாலருக்கு விற்கப்பட்ட ஆப்பிள் மெக்கின்டாஷ், அம்மாணவர்களுக்கு ஏறத்தாழ 1,000 டாலருக்குக் கிடைத்தது. அதன்பின் கட்டுரை எழுதுவது, வரைபடம் வரைவது, கணக்கிடுவது ஆகியன மாணவரின் சொந்தக் கருவிக்கு மாறின. கணினியா கன்சோலா என்று மாணவர் தேர்ந்த காலம் போய், கணினி தேவை என்பது முடிந்த முடிபானது. அக்கணினியிலேயே ஆடுவதா, ஆட்டத்துக்குத் தனிக் கருவி வாங்குவதா என்பதே எஞ்சிய கேள்வி.

கன்சோல் கணினியாக முயன்ற கதை

பூட்டிய கருவியைச் சிறிது திறந்துவிடும் முயற்சிகளும் நடந்தன. சோனி நிறுவனம் 1990-களின் பிற்பகுதியில் 'நெட் யாரோஸ்' என்னும் கறுப்பு நிறப் பிளேஸ்டேஷனை மாணவர்களுக்கும் ஆர்வலர்களுக்கும் விற்றது. அதில் சொந்தமாக ஆட்டம் எழுதலாம். ஆனால் நிரலை எழுதுவதற்கு ஒரு கணினி தனியே வேண்டும்.

ஐரோப்பாவில் பிளேஸ்டேஷன் 2-உடன் வந்த வட்டில் 'யாபேசிக்' என்னும் சிறு நிரல்மொழி இருந்தது. கன்சோலுக்கு இறக்குமதி வரி உண்டு, கணினிக்கு இல்லை என்பதால், அக்கருவியைக் கணினி என வகைப்படுத்துமாறு சோனி வாதிட்டது. 2002-இல் அதே கன்சோலுக்கு 40 கிகாபைட் வன்தட்டு, விசைப்பலகை, சுட்டி ஆகியவற்றுடன் லினக்ஸ் தொகுப்பும் வெளியானது.

2006-இல் வந்த பிளேஸ்டேஷன் 3 இன்னும் ஒரு படி மேலே சென்றது. லினக்ஸ் முதலிய வேறு இயங்குதளங்களை நிறுவும் வசதி அதிலேயே இருந்தது. மாசச்சூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் டார்ட்மவுத் வளாகத்தில் இயற்பியலாளர் கௌரவ் கன்னா எட்டுக் கன்சோல்களை இணைத்துக் கருந்துளை பற்றிய கணக்கீடுகளைச் செய்தார். அமெரிக்க வான்படையின் ஆய்வகம் 1,700-க்கும் மேற்பட்ட பிளேஸ்டேஷன் 3 கருவிகளைக் கொண்டு 2010-இல் ஒரு மீக்கணினியை அமைத்தது. விற்பனை விலை செலவைவிடக் குறைவாக இருந்ததே, ஆய்வாளர்களுக்கு அது மலிவான கருவியாக அமைந்ததற்குக் காரணம்.

2010 ஏப்ரல் 1 அன்று சோனி வெளியிட்ட மென்பொருள் புதுப்பிப்பு இவ்வசதியை நீக்கியது. பாதுகாப்பே காரணம் என்று கூறப்பட்டது. புதுப்பிக்க மறுத்தவர்கள் இணையத்தில் ஆடும் உரிமையை இழந்தனர். வாங்கும்போது இருந்த வசதியை வாங்கிய பின் நீக்கலாமா என்று அமெரிக்காவில் வழக்குத் தொடரப்பட்டு, பல ஆண்டுகளுக்குப் பின் சமரசத்தில் முடிந்தது. கன்சோலில் எது ஓடலாம் என்பதை முடிவு செய்பவர் அதை விற்றவரே என்பதை இந்நிகழ்வு தெளிவாக்கியது.

அரசும் பொருளாதாரமும் செய்த தேர்வு

எல்லா நாடுகளிலும் மாணவரே இத்தேர்வைச் செய்யவில்லை. சீனாவில் 2000-ஆம் ஆண்டு கன்சோல்களின் உற்பத்தியும் விற்பனையும் தடைசெய்யப்பட்டன. இளைஞர்களின் மனநலமும் ஒழுக்கமும் கெடும் என்பது சொல்லப்பட்ட காரணம். 2014-இல் ஷாங்காய் தடையற்ற வணிக வலயத்தில் தளர்வு தொடங்கி, 2015-இல் நாடு முழுவதும் தடை நீங்கியது. அந்தப் பதினைந்து ஆண்டுகளில் இளைஞர்கள் ஆடுவதை நிறுத்திவிடவில்லை. கணினிக்கும் இணைய மையங்களுக்கும் நகர்ந்தனர்.

தென்கொரியாவில் ஜப்பானியப் பண்பாட்டுப் பொருள்கள் மீதிருந்த கட்டுப்பாடுகள் 1998 முதல்தான் படிப்படியாகத் தளர்ந்தன. 1997-இன் நிதி நெருக்கடிக்குப் பின் 'பி.சி. பாங்' எனப்படும் கணினி ஆட்ட மையங்கள் பெருகின. 1998-இல் வெளிவந்த 'ஸ்டார்கிராஃப்ட்' அங்கே பெரும் புகழ் பெற்றது. தொழில்முறைக் கணினி ஆட்டப் போட்டிகளின் தொடக்ககாலக் களங்களுள் கொரியா முதன்மையானது.

கேமிங் மடிக்கணினியின் எழுச்சி

மேசைக்கணினிக்கு மாணவர் விடுதியில் இடம் போதாது. வகுப்புக்கு எடுத்துச் செல்லவும் முடியாது. 2000-ஆம் ஆண்டின் இறுதியில் என்விடியா நிறுவனம் மடிக்கணினிகளுக்கான 'ஜிஃபோர்ஸ்2 கோ' வரைகலைச் செயலியை அறிவித்தது. 1996-இல் மயாமியில் தொடங்கப்பட்ட ஏலியன்வேர் முதலிய நிறுவனங்கள் ஆட்டத்துக்கென்றே மடிக்கணினிகளைச் செய்யத் தொடங்கின. அவை கனமாகவும் விலை மிகுந்தும் இருந்தன.

2010-இல் என்விடியா கொண்டுவந்த 'ஆப்டிமஸ்' முறை மாணவர்களுக்குப் பயன்பட்ட முக்கிய மாற்றமாகும். கட்டுரை எழுதும்போது மின்சாரம் குறைவாகச் செலவிடும் சிறிய வரைகலைச் செயலி இயங்கும். ஆட்டம் தொடங்கினால் பெரிய செயலி தானே விழித்துக்கொள்ளும். 2016, 2017 ஆண்டுகளில் மேசைக்கணினிக்கு நெருங்கிய திறனுள்ள செயலிகளும் மெலிந்த வடிவங்களும் வந்தன.

ஆனால் விதி ஒன்று மாறவில்லை. பயணிகள் வானூர்தியில் தனி அனுமதியின்றி எடுத்துச் செல்லும் மின்கலத்துக்கு 100 வாட்-மணி என்பது வரம்பு. அதனால் மிகப் பெரிய கேமிங் மடிக்கணினிகளின் மின்கலமும் அந்த எல்லைக்குள்ளேயே நிற்கிறது. ஆட்டத்தின்போது 200 வாட் இழுக்கும் கருவிக்கு அது அரை மணி நேரத்துக்கே போதும். எனவே மின்கலத்தில் இயங்கும்போது கருவி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. கேமிங் மடிக்கணினியில் ஆட்டம் என்பது நடைமுறையில் மின்செருகியின் அருகிலேதான்.

இதற்கிடையில் கன்சோலும் உள்ளுக்குள் கணினியாகவே மாறியது. 2013-இல் வந்த பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் ஆகிய இரண்டிலும், 2020-இல் வந்த அவற்றின் வாரிசுகளிலும் ஏ.எம்.டி. நிறுவனத்தின் கணினி வகைச் செயலிகளே உள்ளன. 1977-இல் போலவே, சில்லு ஒரே குடும்பத்தைச் சேர்ந்தது. பூட்டு மட்டும் வேறு.

தமிழ்நாட்டு மாணவரும் மடிக்கணினியும்

தமிழ்நாட்டில் 2011 செப்டம்பர் 15 அன்று முதலமைச்சர் ஜெயலலிதா தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம், அரசு மற்றும் அரசு உதவி பெறும் கல்வி நிறுவன மாணவர்களுக்கு அடுத்த சில ஆண்டுகளில் லட்சக்கணக்கில் மடிக்கணினிகளை வழங்கியது. வீட்டின் முதல் கணினியாகப் பல குடும்பங்களுக்கு அதுவே அமைந்தது. அக்கருவியில் பாடமும் நடந்தது. படமும் ஆட்டமும் ஓடின.

கன்சோலின் கணக்கு இங்கே வேறு. பிளேஸ்டேஷன் 5 இந்தியாவில் 2021 பிப்ரவரி 2 அன்று 49,990 ரூபாய்க்கு வெளிவந்தது. அதன் புதிய பெரிய ஆட்டங்கள் சிலவற்றின் விலை அப்போது 4,999 ரூபாய். பத்து ஆட்டங்கள் வாங்கினால் இன்னொரு கன்சோலின் விலை ஆனது. இணையத்தில் பிறருடன் சேர்ந்து ஆடப் பல ஆட்டங்களுக்கு ஆண்டுச் சந்தாவும் வேண்டும். தொலைக்காட்சி ஒன்றும் வேண்டும். கணினியில் இணைய ஆட்டத்துக்குப் பொதுவாக அத்தகைய சந்தா இல்லை; தள்ளுபடியில் பழைய ஆட்டங்கள் மலிவாகக் கிடைக்கும். ஆனால் அங்கே தொடக்கச் செலவு மிகுதி.

படிப்பின் மீதான விளைவு

இரு கருவிகளும் படிப்பின் நேரத்தைத் தின்னக்கூடியவை என்பதற்கு ஆய்வுச் சான்றுகள் உள்ளன. அமெரிக்காவின் பெரியா கல்லூரியில் விடுதி அறைத்தோழர்கள் குலுக்கல் முறையில் ஒதுக்கப்பட்டனர். பொருளியலாளர்கள் டாட் ஸ்டைன்பிரிக்னர், ரால்ஃப் ஸ்டைன்பிரிக்னர் ஆகியோர் இதைப் பயன்படுத்தி ஆராய்ந்து 2008-இல் முடிவுகளை வெளியிட்டனர். அறைத்தோழர் வீடியோ கேம் கருவி கொண்டுவந்திருந்தால், மாணவரின் அன்றாடப் படிப்பு நேரம் அரை மணிக்கும் மேல் குறைந்தது. முதல் பருவத் தேர்ச்சிப் புள்ளி, 4 புள்ளி அளவுகோலில் ஏறத்தாழ கால் புள்ளி சரிந்தது. கருவி மாணவருக்குச் சொந்தமானதுகூட இல்லை. அதே அறையில் இருந்ததே போதுமானதாயிற்று.

கணினிக்கும் இத்தகைய சான்று உண்டு. ருமேனியாவில் ஏழைக் குடும்பங்களுக்குக் கணினி வாங்க 200 யூரோ வழங்கிய திட்டத்தை ஓஃபெர் மலமூத், கிறிஸ்டியன் பாப்-எலெச்செஸ் ஆகியோர் ஆராய்ந்து 2011-இல் எழுதினர். கணினி கிடைத்த பிள்ளைகளின் பள்ளி மதிப்பெண்கள் குறைந்தன. பெரும்பாலும் ஆட்டத்துக்கே கணினி பயன்பட்டது. ஆனால் அவர்களது கணினித் திறனும் அறிவாற்றல் சோதனை மதிப்பெண்ணும் உயர்ந்தன. வீட்டுப்பாடம் பற்றிப் பெற்றோர் விதி வைத்திருந்த இல்லங்களில் மதிப்பெண் இழப்பு குறைவாக இருந்தது. ஷாட்னர் விளம்பரம் பெற்றோருக்குச் சொன்னதில் பாதி உண்மை இருந்தது என இதிலிருந்து கொள்ளலாம்.

தேர்வு செய்வோர் கருத வேண்டியவை

மேற்கண்ட வரலாற்றிலிருந்து மூன்று கேள்விகளைப் பெறலாம்.

1. கருவியில் நிரல் எழுதவோ கனமான மென்பொருள்களை ஓட்டவோ வேண்டுமா? பொறியியல் வரைபடம், கட்டட வடிவமைப்பு, அசைபடம், இயந்திரக் கற்றல், ஆட்ட உருவாக்கம் ஆகியவற்றைப் படிப்பவர்களுக்குக் கேமிங் மடிக்கணினியின் வரைகலைச் செயலி பாடக் கருவியாகவும் அமையும். இலக்கியம், வணிகவியல், சட்டம் போன்ற படிப்புகளுக்கு அத்திறன் பெரும்பாலும் பயன்படாமலே கிடக்கும்.

2. பணம் எப்போது செலவாகிறது? கன்சோலில் விலை தொடக்கத்தில் குறைவு, பின்னர் ஆட்டங்களிலும் சந்தாவிலும் கூடும். கேமிங் மடிக்கணினியில் பெரும்பகுதி முதல் நாளே செலவாகிறது. நான்கு ஆண்டுகளுக்கான மொத்தச் செலவைக் கூட்டிப் பார்த்தே ஒப்பிட வேண்டும். ஒரே கருவியை நம்பியிருந்தால், அது பழுதாகும் நாளில் பாடமும் நின்றுபோகும் என்பதையும் ஆடம் கணினியின் அச்சுப்பொறி நினைவூட்டுகிறது.

3. கருவி எங்கே இருக்கும்? நாள்தோறும் வகுப்புக்குச் சுமந்து செல்பவருக்குக் கனமும் மின்கலமும் முக்கியம். அவருக்கு இலேசான மடிக்கணினியும், வீட்டில் நிற்கும் கன்சோலும் பொருந்தலாம். விடுதியில் தொலைக்காட்சி வைக்க இடமில்லாதவருக்குக் கன்சோல் சுமையே. பூட்டி வைக்கக்கூடிய தனிக் கருவி என்பது ஆட்ட நேரத்தைக் கட்டுப்படுத்த விரும்புவோருக்கு ஒரு நன்மை; படிக்கும் திரையிலேயே ஆட்டமும் காத்திருப்பது அவர்களுக்குக் கடினம்.

முடிவுரை

1962-இல் பல்கலைக்கழகக் கணினியில் பிறந்த ஆட்டம், விலை குறைவதற்காகக் கணினியை விட்டுப் பிரிந்தது. இன்று ஒரே வகைச் சில்லில் மீண்டும் சந்திக்கிறது. கன்சோல் கொடுப்பது மலிவும் எளிமையும், வாங்கிய ஆட்டம் ஓடும் என்ற உறுதியும். கணினி கொடுப்பது, ஆட்டத்தைத் திறந்து பார்க்கவும் புதியதொன்றை எழுதவும் உரிய உரிமை. இரண்டாவதற்கு மாணவர் கூடுதல் விலை கொடுக்கிறார். அவ்வுரிமையைப் பயன்படுத்தப் போகிறவருக்கு அவ்விலை தகும். பயன்படுத்தப் போவதில்லை என்று தெரிந்தவர், எளிய மடிக்கணினி ஒன்றோடு கன்சோலைத் தேர்வதில் குறையொன்றும் இல்லை. எதைத் தேர்ந்தாலும் படிப்பு நேரத்துக்கு ஒரு விதி வகுத்துக்கொள்வது நன்று என்பதையே பெரியா கல்லூரியும் ருமேனியாவும் தரும் சான்றுகள் காட்டுகின்றன.